குலசேகரம் பக்கம் ஒரு கிழங்குக் கடை

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலையில் இருக்கிறது, பெயர்ப்பலகை கிடையாது. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) சாளை மீன்கறியும் 70 ரூபாய். கிழங்கை நார் எடுத்து வேகவைத்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் சதைத்துப் போட்டுக் கிளறுகிறார்கள். அதற்கு முழு மதிப்பெண். ஒன்பதரைக்கு மேல் போனால் சட்டிதான் மிச்சம்.

மழைநாளில் மட்டும் எப்போது போனாலும் கிடைக்கும். சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. "இன்றைக்கு ஆளே இல்லை சாரே" என்று கடைக்காரர் எனக்கு இரண்டு அகப்பை கூடுதலாக வைத்தார்.

மீன்கறிக்குத்தான் மதிப்பெண் குறைக்கிறேன். பதினோரு வருடம் சமைத்த அக்கா போன மாதம் முந்திரி ஆலைக்குப் போய்விட்டார். கூலி அங்கே அதிகமில்லை, பி.எஃப். பிடிக்கிறார்கள் என்பதுதான் காரணம். புதிதாக வந்தவருக்குப் புளியின் அளவு இன்னும் கைக்கு வரவில்லை. பழகியதும் அவரும் போய்விடுவார் என்பது என் கணிப்பு.

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கண் தானாகக் கணக்குப் பார்க்கும். இருபது வருடமாக அதே மூன்று பெஞ்சு. பெரிய அடுப்பு வாங்கினால் கூட்டத்தைச் சமாளிக்கலாம். சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடன் 2015 முதல் இருக்கிறது, ஜாமீன் கேட்பதில்லை. ஆனால் வரவு செலவு காட்ட வேண்டும். இவர் கணக்கோ நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில். அடுப்புக்குச் சேர வேண்டிய காசு தினவட்டிக்காரரிடம் போகிறது. உலகில் வேலை செய்கிறவர்களில் பத்துக்கு ஆறு பேர், 200 கோடிப் பேர், பதிவோ சட்டப் பாதுகாப்போ இல்லாத முறைசாரா வேலையில்தான் இருப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. நாட்டின் வளர்ச்சி சதவீதத்தைச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று பெஞ்சுதான் நினைவுக்கு வருகிறது. வியாபாரம் நடக்கிறது, வளரவில்லை.

வரவு பதிவாகட்டும் என்று நானே வற்புறுத்தி க்யூஆர் அட்டை வாங்கவைத்தேன். வரி கேட்டு ஆள் வந்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அட்டை இப்போது மட்டிப்பழக் குலைக்குப் பின்னால் தொங்குகிறது. கேட்டால் குலையை விலக்கிக் காட்டுவார். சில்லறையோடு போவது நல்லது.