விரல் சாக்ஸ்: கொப்புளம் போனது, எரிச்சல் போகவில்லை

கையுறை மாதிரி, கால் விரல் ஒவ்வொன்றுக்கும் தனி அறை வைத்துத் தைத்த விரல் சாக்ஸ் விலை இறங்கியிருக்கிறதாம். “வாங்கலாமா மச்சி?” என்று எங்கள் ஷட்டில் குரூப்பில் ஒரு நண்பன் லிங்க் போட்டிருந்தான். ஒரு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. நான்காம் விரலும் சுண்டு விரலும் உரசி இடுக்கில் நீர் கோத்துக்கொள்ளும் தொல்லை, இதைப் போட ஆரம்பித்த பிறகு அடியோடு நின்றுவிட்டது. தோலும் தோலும் படுவதே இல்லை, நடுவில் துணி இருக்கிறது. வெறும் காட்டன் சாக்ஸ் சென்னை வியர்வையில் நனைந்தால் நனைந்தபடியே கிடக்கும், ஈரத்தோலை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இது நைலான் கலந்தது, சீக்கிரம் காய்கிறது.

ஆனால் இதைக் காலில் ஏற்றுவது இருக்கிறதே! சுண்டு விரல் ஒரு நாளும் தன் அறைக்குப் போகாது. பக்கத்து அறையில் புகுந்து நான்காம் விரலோடு குடித்தனம் நடத்தும். அதைப் பிடித்து இழுத்து, பிரித்து, திணித்து நிமிர்வதற்குள் கோர்ட்டில் டாஸ் முடிந்திருக்கும். கால் லேசாக ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அவசரத்தில் தையல் முறுக்கிக்கொண்டால், எதைத் தடுக்க வாங்கினோமோ அதே கொப்புளம் அந்தத் தையலுக்கடியில் வரும். வரும் என்ன, வந்தது. பெருவிரல் நுனியில் ஓட்டை வேறு.

நெட்டை ஒட்டி விழும் பந்தை எடுக்க ஒரு காலை நீட்டிப் பாய்ந்து ஊன்றுகிறவர்களுக்குப் பெரிய கொப்புளம் வருவது பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில். ஷூவும் சாக்ஸும் தோலைப் பிடித்து நிறுத்திவிடும், உள்ளே எலும்பு மட்டும் முன்னே நகரும். இடையில் தோலின் அடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து நீர் சேர்கிறது. அங்கே இந்த சாக்ஸ் எனக்கு ஒரு உபகாரமும் செய்யவில்லை. செய்தது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பேப்பர் டேப். காலைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, சுருக்கம் விழாமல் ஒரே அடுக்கு. அவ்வளவுதான். 250 கி.மீ. பல நாள் ஓட்டப் பந்தயத்தில் 128 பேரிடம் இதைச் சோதித்த ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள், டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்ததாக 2016-இல் எழுதியிருக்கிறார்கள். ஷூ லேஸைக் கடைசித் துளைவரை ஏற்றி இறுக்குங்கள், பாதம் முன்னே சறுக்காது.

வந்துவிட்ட கொப்புளம் சின்னதாக இருந்தால் கை வைக்காதீர்கள். நடக்க முடியாத அளவுக்கு வீங்கினால் மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிடலாம். மேல்தோலை உரிக்கவே கூடாது, அதுதான் இயற்கையான பேண்டேஜ். சர்க்கரை உள்ளவர்கள் ஊசியைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள். சீழ் பிடித்தாலும் அதேதான்.

விரல் இடுக்கில் தொல்லை இல்லாதவர்கள் இந்த சாக்ஸை வாங்காதீர்கள். இருப்பவர்களும் பேப்பர் டேப்பை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு யோசியுங்கள். இந்தக் கூத்துக்கு இந்த விலை, தள்ளுபடியைக் கழித்த பிறகும், அதிகம். எனக்குக் கறுப்பில் ரெண்டு ஜோடி ஆர்டர் போட்டாச்சு. வெள்ளையில் அழுக்கு சீக்கிரம் தெரிகிறது.