புளியரை எஸ் வளைவும் என் முதல் காரும்: மாருதி 800, 1997 மாடல்

மாருதி 800 பற்றி ஊருக்கு ஊர் ஒரு கேள்வி உண்டு. சென்னையில் பார்க்கிங் பற்றிக் கேட்பார்கள், மதுரையில் மைலேஜ் கேட்பார்கள். தமிழ்நாடு – கேரள எல்லையில் இருக்கும் எங்கள் செங்கோட்டைப் பக்கம், கேரளாவுக்கு ஏறும் மலைரோட்டை வைத்து முதலில் கேட்பது, "புளியரை எஸ் வளைவுல எந்த கியர்ல ஏறுது?" என்பதுதான். 2005 முதல் 2022 வரை இந்த வண்டியை வைத்திருந்தவன் என்ற முறையில் என் பதில் இது: இரண்டு பேர் போனால் இரண்டாவது கியர். குடும்பத்தோடு போய், பின்னால் பலாப்பழமும் இருந்தால் முதல் கியர், கூடவே கொஞ்சம் பொறுமை. இதுவே போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

என்னுடையது ஸ்டாண்டர்ட் மாடல். ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர், நாலு கியர், குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் காலையில் இழுத்து விட வேண்டிய சோக். 796 சிசி, மூன்று சிலிண்டர். முதல் மாருதி 800 இந்திரா காந்தி கையால் சாவி கொடுக்கப்பட்டு வெளியே வந்தது 1983 டிசம்பர் 14 அன்று. 1986இல் உடம்பை மாற்றினார்கள். அந்த உடம்புதான் சின்னச் சின்னத் திருத்தங்களோடு 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை ஓடியது. பழைய வண்டி வாங்குகிறவனுக்கு இது பெரிய சௌகரியம். கதவோ கண்ணாடியோ பம்பரோ வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடையில் ஏதோ ஒரு வருடத்து 800 கிடக்கும். கொஞ்சம் தட்டிப் பொருத்திவிடலாம்.

வாங்கும்போது எனக்கு வயது 24. பிரானூர் பார்டரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். புனலூரிலிருந்து மில்லுக்கு வந்து போகிற ஒரு ரப்பர் வியாபாரி பெரிய வண்டி வாங்கப் போவதாகச் சொன்னார். மில் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏ தம்பி, நீ எடுத்துக்கயேன், சம்பளத்துல பிடிச்சிக்கிடுதேன்" என்றார். அவ்வளவுதான் பேரம். அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல். "சைக்கிள் நிறுத்த இடமில்லாத வீட்டுல காராம்" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் வேப்பமரத்தடியில் கல்லைப் பொறுக்கிவிட்டு இடம் சரி செய்ததும் அவர்தான்.

எல்லையில் இருப்பவர்கள் வண்டி வாங்கும்போது ஓட்டிப் பார்ப்பதைவிடக் காகிதம் பார்ப்பதுதான் முக்கியம். இது கொல்லம் பதிவு, கே.எல். 2. வேறு மாநிலத்து வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்றியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முதலில் கொல்லத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அப்புறம் இங்கே விண்ணப்பம், ஆய்வு, இந்த மாநிலத்துக்குச் சாலை வரி. அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம் என்றார்கள். கேட்டவர்களின் அனுபவத்தைக் கேட்ட பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் இந்த வேலையே வேண்டாமென்று கே.எல். எண்ணிலேயே காலம் தள்ளுவார்கள். புளியரைச் சாவடியில் தினமும் பார்க்கிற முகங்கள்தானே என்று ஒரு தைரியம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, மாற்றிவிட்டேன்.

சரி, மலைக்கு வருவோம். செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். முன்பு தேசிய நெடுஞ்சாலை 208, இப்போது 744. புளியரை தாண்டியதும் எஸ் வளைவு, அப்புறம் கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, இடமண். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த இடம் ஒரு கணவாய் என்பதால் மூணாறு, வால்பாறை மாதிரி ஏற்றம் மணிக்கணக்கில் இழுக்காது. ஆனால் இருக்கிற கொஞ்ச ஏற்றத்தில் லாரி விடாது. இங்கிருந்து காய்கறியும் சிமெண்டும் போகும், அங்கிருந்து மரம் வரும். எஸ் வளைவில் மூச்சு வாங்கி நிற்கிற ஒரு லாரிக்குப் பின்னால் 800 மாட்டினால் ஓட்டுகிறவனின் தரம் தெரிந்துவிடும். ஆஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடி, வண்டியைத் தொங்க விட்டுக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் கருகுகிற வாசனை உள்ளே வரும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நின்று, லாரி நகர்ந்து நாலு வண்டி இடம் விட்ட பிறகு எடுப்பதே மேல். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

இந்த இடத்தில்தான் அந்தச் சின்ன உடம்பின் அருமை தெரியும். நீளம் மூன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல், அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. எதிரே கேரள அரசு பஸ் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு இறங்கும்போது, ஓரத்துக் காட்டுச்செடியை உரசினாற்போல் ஒதுங்கி நிற்க 800க்கு இடம் இருக்கும். அந்த ஆனவண்டி டிரைவர்களின் கணக்கு அபாரமானது. நமக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு கை மட்டும் இடைவெளி விட்டு, நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். முதல் முறை எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. பின்னாளில் அதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். இவன் சமாளிப்பான் என்று நம்பித்தானே வருகிறார்கள்!

இறக்கத்தில் ஒரே விதி. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எடை குறைந்த வண்டி, இரண்டாவது கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியதில்லை. நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்கிற ஆட்களோடு நான் இந்த ரோட்டில் ஏறுவதில்லை.

மழை தனிக் கதை. ஜூன் பிறந்தால் அந்தக் கணவாய் வழியாகத்தான் குற்றாலத்துச் சாரல் எங்களுக்கு வருகிறது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. ஆடியில் புளியரை வயல்வெளியில் கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கும். ஏசி இல்லாத வண்டியில் மழைக்குக் கண்ணாடியை ஏற்றினால் உள்ளே நாலு பேர் மூச்சில் முன்கண்ணாடி பால் போல் வெளுத்துவிடும். இறக்கினால் மடி நனையும். இரண்டு விரற்கடை இறக்கி வைத்து, பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டே போவது பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலை. வெளிப்பக்கத்துக்கு எங்கள் ஊர் வைத்தியம் பீடித்தூள். அத்தை பீடி சுற்றுவார். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஈரத்துணியில் வைத்துக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் துளி துளியாக நிற்காமல் வழிந்துவிடும், வைப்பர் தேய்ந்திருந்தாலும் ஓட்டலாம். "புகையிலைக்குக் கணக்கு இருக்குல்ல, கம்பெனிக்கு நான்தாம்ல பதில் சொல்லணும்" என்று திட்டிக்கொண்டேதான் கொடுப்பார்.

ஈரத்தில் வண்டி திணறினால் முக்கால்வாசி நேரம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் ஏறியிருக்கும். கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் சரி. அந்தக் காலத்துக் காரில் எனக்குப் பிடித்ததே இதுதான், பானெட்டைத் திறந்தால் ரோடு தெரியும். எது எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்துப் பழகலாம். பிளக் கழற்றுவது, கார்பரேட்டர் ஜெட்டை ஊதுவது, டியூனிங் திருகை அரைக்கால் சுற்று திருப்பிக் காதால் கேட்பது எல்லாம் அந்த வண்டியில் கற்றவை. இப்போது வைத்திருக்கும் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரை மாட்டித்தான் காரணம் கேட்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப் விஷயத்தில் எல்லைக்காரனுக்கு இரண்டு கண். டிங்கரிங், பெயின்ட் என்றால் தென்காசி, கூலி கட்டுப்படியாகும். எஞ்சின் என்றால் நான் புனலூருக்குத்தான் போவேன். அங்கே ஒரு சேட்டன் இருந்தார், நம்மிடம் தமிழ்தான் பேசுவார். வண்டியை நிறுத்துவதற்குள், "தம்பி, ஒரு சிலிண்டர் வேலை செய்யலை, ரெண்டுல வந்திருக்கே" என்பார். பார்க்காமலே, சத்தத்தை வைத்து. ஒரு முறை அவசரத்துக்கு வேறொரு கடையில் வாங்கிப் போட்ட வாட்டர் பம்ப் கழுதுருட்டியில் கையை விரித்தது. பதிமூணு கண் பாலத்துக்கு எதிரே, ஆவி பறக்க நின்றோம். நல்ல இடமாகப் பார்த்துத்தான் நின்றது. 1904இல் ரயில் வந்தபோது கட்டிய கல் பாலம், சுற்றுலா வந்தவர்கள் எங்களையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பம்ப் விற்ற கடைக்காரர், "போலிச் சரக்கு எங்க கடைல கிடையாதே" என்று சத்தியம் செய்தார். பணம் வரவில்லை.

வண்டி குடும்பத்துக்கு நிஜமாகவே உழைத்தது 2010க்குப் பிறகு. அந்த செப்டம்பரில் செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் ரயில் திரும்ப ஓடியது 2018இல். எங்கள் சொந்தத்தில் பாதி அந்தப் பக்கம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், பெண் கொடுத்ததும் எடுத்ததும் மலையைப் பார்த்தா செய்தார்கள்? ஆச்சிக்கு மருந்தெல்லாம் புனலூர் ஆயுர்வேதம்தான், தென்காசி டாக்டரை நம்ப மாட்டார். மலைக்குகை வழியாக ரயிலில் போய்ப் பழகியவர், காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "குகையெல்லாம் வராதா?" என்பது. வராது என்றதும் ஏமாற்றம்தான். ஆனால் முன் சீட்டு அவருக்கே சொந்தமாகிவிட்டது. சித்தி மகள் பிரசவத்துக்கு, அத்தான் பெண் பார்ப்புக்கு, கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று ஐயப்பன்மார்களுக்கு. சீசனில் பம்பரில் சந்தனமும் மாலையுமாகத்தான் நிற்கும்.

நாலு பேர் உட்காரும் வண்டியில் எத்தனை பேர் ஏறினோம் என்று எழுதினால் போக்குவரத்துத் துறை நண்பர்கள் வருத்தப்படுவார்கள்.

மைலேஜ்: சமவெளியில் லிட்டருக்கு 18க்குக் குறையாது, மலையில் ஏறி இறங்கினால் 15, 16. டேங்க் 28 லிட்டர்தான், சிறியது. பெட்ரோல் எந்தப் பக்கம் விலை குறைவோ அந்தப் பக்கம் போட்டுக்கொள்வது எங்கள் பரம்பரைப் பழக்கம்.

குறை இல்லாமல் இல்லை. உயரமானவர்கள் பின் சீட்டில் காலை மடக்கி வைக்க வேண்டும். 12 அங்குலச் சக்கரம் என்பதால் மழைக்குப் பிறகான தென்மலை ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்குத் தெரியும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் இன்றைய வண்டிகளுக்கு முன்னால் சிம்னி விளக்குதான். விபத்தானால் உள்ளே இருப்பவரைக் காக்க ஏர்பேக் எதுவும் கிடையாது. இப்போது என் மகளை அதில் ஏற்றி மலைக்கு அனுப்புவேனா என்றால், மாட்டேன். அப்போது இதையெல்லாம் யோசித்தோமா என்ன? கண்ணாடியை இறக்கி, ஆரியங்காவு தாண்டியதும் வருகிற ஈரக் காட்டு வாசனையை இழுத்துக்கொண்டு போனோம்.

2012இல் பதினைந்து ஆண்டு முடிந்தபோதும், 2017இலும் பதிவைப் புதுப்பித்தேன். 2020 ஊரடங்கில் எல்லையை அடைத்தபோது வேப்பமரத்தடியிலேயே கிடந்து பேட்டரி செத்தது. ஈ-பாஸ் கிடைத்த அன்று பக்கத்து வீட்டு ஆட்டோ பேட்டரியில் ஒயர் கொடுத்துத்தான் எழுப்பினோம். 2022 ஏப்ரல் முதல் பழைய கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. தரைத் தகட்டு வேலையும் பாக்கி இருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, சங்கரன்கோவில் பக்கம் ஒரு பையனுக்குக் கொடுத்தேன். ஓட்டிப் பழக வேண்டும் என்றான், நல்ல காரணம்.

இன்றைக்கும் இந்தப் பக்கம் கார்பரேட்டர் 800 தேடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். வாங்குவதானால் எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள், அதை யாரும் சரி செய்துவிடுவார்கள். கால்மிதியைத் தூக்கித் தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். மழைக்காட்டு ரோட்டில் ஓடிய வண்டி அங்கேதான் முதலில் துருவேறும், மேலே பட்டி வைத்து மினுக்கியிருப்பார்கள். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் நின்ற அடையாளம் உண்டா என்று பாருங்கள். டயர் பற்றிக் கவலை வேண்டாம், பழைய ஆல்ட்டோ 800க்கும் 12 அங்குலம்தான், அளவு சொல்லிக் கேட்டால் கிடைக்கும். அந்தப் பக்கத்து வண்டி என்றால் தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள், விற்கிறவர் மாமனாகவே இருந்தாலும்.