இருபதாயிரத்தை ஒட்டி ஒரு கைபேசி: செட்டிநாட்டில் நான்கு வழிகள்

இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய தொகையோடு கைபேசி வாங்கப் புறப்படும் காரைக்குடிக்காரருக்கோ தேவகோட்டைக்காரருக்கோ நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. கேஷிஃபை, அமேசான் ரினியூடு போன்ற இணையதளங்களில் உத்தரவாதத்தோடு விற்கப்படும் ரீஃபர்பிஷ்டு போன், அதாவது சோதித்துச் சீராக்கிய பழைய போன் ஒன்று. உள்ளூர்க் கடையில் செகண்ட் ஹேண்டாகக் கிடைப்பது இன்னொன்று. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் உறவினர் தாம் பயன்படுத்திய போனை ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருவது மூன்றாவது. வேறு ஊரில் இதை விட்டுவிடலாம், இங்கே விட முடியாது. நான்காவது, பெட்டி பிரிக்காத புதிய போன். பெரும்பாலோர் இவற்றை விலையையும் மேனி அழகையும் வைத்தே எடைபோடுகிறார்கள். மென்பொருள் பாதுகாப்பு இன்னும் எத்தனை ஆண்டு வரும், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது, பழுதானால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குப் பிறகே அவற்றுக்கு இடம் என்பது என் கருத்து.

முதலில் ரீஃபர்பிஷ்டு போனையும் புதிய போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் உண்மையான போட்டி இவ்விரண்டுக்கும் இடையேதான். எடுத்துக்காட்டாக, 2023 பிப்ரவரியில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23ஐ ஒரு பக்கமும், 2024 அக்டோபரில் இந்தியாவில் வெளிவந்த கேலக்ஸி ஏ16 5ஜியை மறுபக்கமும் எடுத்துக்கொள்கிறேன். கையில் எடுத்த மாத்திரத்தில் எஸ்23 வென்றுவிடும். அதன் சிப் பல மடங்கு வேகமானது; கேமராவில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் உண்டு, மூன்று மடங்கு ஆப்டிகல் ஜூம் உண்டு. ஏ16இல் இவை இரண்டும் இல்லை. வெளிச்சம் குறைந்த வளவுக்குள், அதாவது செட்டிநாட்டு வீட்டின் உட்பகுதிக்குள், நடக்கும் சாந்திக் கல்யாணத்தைப் படம் பிடிப்பவருக்கும், கண்டாங்கிச் சேலையின் அரக்கையும் மஞ்சளையும் உள்ளபடியே காட்டி வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்ணுக்கும் இந்த வேறுபாடு காசாகவே தெரியும்.

ஆனால் ஆண்டுக் கணக்குக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. எஸ்23க்கு ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது; அது 2028 பிப்ரவரியோடு முடிகிறது. ஏ16 5ஜிக்கோ ஆறாண்டு, அதாவது 2030 இறுதிப் பகுதி வரை. இரண்டையும் 2026 பிப்ரவரியில் வாங்குவதாகவும், ரீஃபர்பிஷ்டு எஸ்23 22,000 ரூபாய், புதிய ஏ16 16,000 ரூபாய் என்றும் கணக்குக்காக வைத்துக்கொண்டால், எஸ்23க்கு மிஞ்சியிருப்பது 24 மாதம், ஏ16க்கு 56 மாதம். மாதத்துக்கு முன்னது ஏறக்குறைய 917 ரூபாயும் பின்னது 286 ரூபாயும் ஆகிறது. எஸ்23க்கு நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்ற 3,000 ரூபாய் சேர்த்தால் மாதச் செலவு ஆயிரத்தைத் தாண்டிவிடும். பற்று வரவு எழுதிப் பழகிய ஊரில் இந்தக் கணக்கைப் போடாமல் போன் வாங்குகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

புதுப்பிப்பு நின்ற நாளன்றே போன் நின்றுவிடாது என்பது சரியே. அழைப்பும் வாட்ஸ்அப்பும் அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆனால் யுபிஐயும் வங்கிச் செயலிகளும் இருக்கும் போனில் கண்டறியப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடப்பது வேறு விஷயம். மூன்றுமுறை கைமாறிய போனில், வேறு மென்பொருளை ஏற்றவிடாமல் காக்கும் பூட்லோடர் பூட்டு திறக்கப்பட்டிருந்தால் பல வங்கிச் செயலிகள் தொடக்கத்திலேயே மறுத்துவிடும்.

இந்தக் கணக்கே ரீஃபர்பிஷ்டுக்குச் சாதகமாகத் திரும்பும் இடமும் உண்டு. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கும் 2024 ஜனவரியில் வந்த எஸ்24க்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டது. எஸ்24 ஒன்றை அதே 2026 பிப்ரவரியில் 30,000 ரூபாய்க்கு வாங்கினாலும் 2031 ஜனவரி வரை ஏறக்குறைய ஐந்தாண்டு கிடக்கிறது. மாதம் ஏறக்குறைய 500 ரூபாய்தான். ஆகவே பட்ஜெட்டைச் சிறிது உயர்த்த முடிந்தவர் பழைய உயர்ரகப் போனை விட்டு, ஏழாண்டு வாக்குறுதி பெற்ற உயர்ரகப் போனை ரீஃபர்பிஷ்டாக வாங்குவதே மேல். ஆப்பிள் இப்படி ஏழாண்டு வாக்குறுதி தரவில்லையென்றாலும் அனுபவம் துணைக்கு இருக்கிறது: 2019இல் வந்த ஐபோன் 11க்கு 2025இன் ஐஓஎஸ் 26 கிடைத்தது, அதற்கு முந்திய ஆண்டின் எக்ஸ்ஆரும் எக்ஸ்எஸும் கழித்துக்கட்டப்பட்டன. ஐபோன் 11இல் 5ஜி கிடையாது; அது ஐபோன் 12இலிருந்துதான்.

பேட்டரி விஷயத்தில் செட்டிநாட்டு வெயிலையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஊரிலேயே பேட்டரியின் கொள்திறன் எத்தனை விழுக்காடு மிஞ்சியிருக்கிறது என்று கேட்காமல் பழைய போன் வாங்குவது பொருத்தமில்லை. லித்தியம் அயன் பேட்டரிக்கு மூப்பைக் கொண்டுவருபவை சார்ஜ் சுற்றுகளும் வெப்பமும். ஐபோன் 14 வரையிலான போன்களின் பேட்டரி 500 முழுச் சுற்றுகளுக்குப் பின்னும், ஐபோன் 15இன் பேட்டரி 1,000 சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு கொள்திறனோடு நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். அதே நிறுவனம் போனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 35 டிகிரிக்குள் என்றும் சொல்கிறது. சித்திரை வைகாசியில் நம் பக்கம் நிழலிலேயே அந்த எல்லை தாண்டிவிடும். ஸ்கூட்டர் டிக்கியில் போனைப் போட்டுக்கொண்டு பள்ளத்தூருக்கும் புதுவயலுக்கும் போய்வருபவரின் பேட்டரி நிறுவனம் சொன்ன சுற்றுகளை எட்டும் என்று நம்ப வேண்டாம்.

ரீஃபர்பிஷ்டு விற்பவர்கள் பலர் பேட்டரி 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் என்றுதான் வாக்களிக்கிறார்கள். எஸ்23இன் பேட்டரிக் கொள்திறனான 3,900 எம்ஏஎச்சில் 80 விழுக்காடு என்றால் 3,120. புதிய ஏ16இல் 5,000. உயர்ரகச் சிப் சிக்கனமானது என்பதால் வேறுபாடு இந்த எண்கள் காட்டும் அளவுக்குப் பெரிதாக இராது, ஆனாலும் மாலைக்குள் சார்ஜரைத் தேட வைப்பது எஸ்23தான். இன்னொன்று: பேட்டரியோ டிஸ்ப்ளேயோ மாற்றத் திறக்கப்பட்ட போனின் ஐபி68 நீர்த்தடுப்பை நம்பக் கூடாது. உள்ளே ஒட்டிய பசை ஒருமுறை பிரிந்தால், சரியாக மறுபடி ஒட்டப்பட்டதா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

உள்ளூர்க் கடைக்கு வருவோம். தளத்தில் வாங்கும் போனை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொட முடியும். கடையில் பணம் கொடுக்கும் முன்பே தொடலாம். இந்த ஒரு நன்மையைப் பயன்படுத்திக்கொள்ளாதவர் கடைக்குப் போவதில் பொருளில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குதானா என்று தட்டிப் பார்த்து விலை பேசும் ஊர் இது. போனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணைப் பில்லோடும் பெட்டியோடும் ஒப்பிட்டு, அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ அந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டால், திருட்டுப் புகாரில் முடக்கப்பட்ட போனா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஐஎம்இஐயை மாற்றி எழுதுவது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சாம்சங்கில் *#0*# அடித்தால் திரை, ஸ்பீக்கர், கேமரா, சென்சார் எல்லாவற்றையும் சோதிக்கும் பக்கம் திறக்கும். ஐபோன் 12 முதலானவற்றில் அமைப்புகளின் ‘அபௌட்’ பக்கமே டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா மாற்றப்பட்டிருந்தால், அது அசல் பாகமா அடையாளம் தெரியாத பாகமா என்று சொல்லிவிடும். பிறகு கடைக்காரர் கண்முன்னே ரீசெட் செய்து, உங்கள் கணக்கைப் போட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ போன் கேட்டால், மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கடையின் பலவீனம் உத்தரவாதம். தளங்களில் பொதுவாக ஆறு மாதமாவது எழுத்தில் கிடைக்கிறது. கடையிலோ ‘ஏதாவதுன்னா கொண்டாங்க, பார்த்துக்கலாம்’ என்ற வாய்ச்சொல்லே பெரும்பாலும் உத்தரவாதம். அந்தச் சொல்லைக் காப்பாற்றும் கடைக்காரர்கள் உண்டு, சிறிய ஊரில் பெயர் கெடுவதற்கு அஞ்சுகிறவர்கள் அவர்கள். ஆனால் பில் இல்லாத சொல் நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இடமளிக்கிறது என்பதால், குருகிராமில் இருக்கும் தளத்தின் மீதும் காரைக்குடிக்காரர் சிவகங்கையில் வழக்குப் போடலாம்; அதற்கு முன்படியாக 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. தளம் தரும் உத்தரவாதம் தயாரித்த நிறுவனத்துடையதன்று, விற்றவருடையது. ஆகவே பழுதான போன் கூரியரில் போய் வரும் நாட்களுக்கு மாற்று போன் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். புதிய போனுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதுவும் அந்த நிறுவனத்தின் சேவை மையம் காரைக்குடியிலேயே இருந்தால். மதுரைக்கோ திருச்சிக்கோ தொண்ணூறு கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் அந்த நன்மையும் பாதியாகிவிடும். தனியாக இருக்கும் ஆச்சிக்கோ அப்பத்தாவுக்கோ வாங்குவதானால் இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை: புதிய போன், உள்ளூர்ச் சேவை மையம்.

சிங்கப்பூரிலிருந்து வருவதற்கு விலையே இல்லை என்பதால் அதை ஒப்பீட்டில் சேர்ப்பது அநியாயம் போலத் தோன்றும். ஆனால் அதற்கும் செலவு உண்டு. சாம்சங் போன்களுக்கு வெளிநாட்டு உத்தரவாதம் இங்கே செல்லாது. வெளிநாட்டு மென்பொருளோடு வரும் ஆண்ட்ராய்டு போனில் நம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வோல்ட்டி (4ஜி வழியே பேசும் வசதி), வைஃபை அழைப்பு (வீட்டு வைஃபை வழியே பேசும் வசதி) ஆகியவை வேலை செய்யாமல் போகக்கூடும். 2ஜியும் 3ஜியும் இல்லாத ஜியோவில் வோல்ட்டி இல்லையென்றால் சாதாரண அழைப்பே கிடையாது. அமெரிக்காவிலிருந்து வரும் ஐபோன் 14 முதலானவற்றில் சிம் போடும் தட்டே இல்லை, அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான்.

வைஃபை அழைப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு நம் வீடுகளே காரணம். சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்களைத் தாண்டி முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குள் போவதற்குள் 3.3 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலைவரிசை தேய்ந்துவிடும். 2022 ஏலத்தில் ஜியோ மட்டுமே வாங்கிய 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரை இன்னும் நன்றாக ஊடுருவும். போனில் இந்த 700 மெகாஹெர்ட்ஸுக்கான என்28 பேண்டும், 4ஜியைச் சாராமல் தனித்தியங்கும் ஜியோ 5ஜிக்கான ஆதரவும் இருந்தால்தான் அது பயன்படும். இரண்டும் இல்லாவிட்டாலும் வீட்டில் பிராட்பேண்ட் இருந்து வைஃபை அழைப்பு வேலை செய்தால் போதும். எனவே கொண்டுவந்தவர் ஊரில் இருக்கும்போதே உள்ளூர் சிம்மைப் போட்டு, இரண்டாங்கட்டுக்குள் நின்று ஒரு அழைப்பு பேசிப் பார்க்க வேண்டும்.

அவர் கிளம்பும் முன் இன்னொன்றையும் முடிக்க வேண்டும்: ஐபோனாக இருந்தால் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை அவர் கணக்கோடு பூட்டி வைக்கும் ‘ஃபைண்ட் மை’ வசதி அணைக்கப்பட வேண்டும். விமானம் ஏறிய பிறகு நினைவுக்கு வந்தாலும் அவர் அங்கிருந்தே ஐகிளவுட் தளத்தில் நுழைந்து அந்தப் போனைத் தம் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம், பாஸ்வேர்டு அவருக்கு நினைவிருந்தால்.