வெளிச்சுவருக்கு ரப்பர் வளையம், வீட்டுக்குள் பேஸ்ட்: எஸ்.டபிள்யூ.ஆர். கழிவுநீர்க் குழாய்கள் குறித்த மதிப்புரை

மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் பழைய அடுக்ககத்தில், துருப்பிடித்து வெடித்துப்போன வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய்களை அகற்றிவிட்டு, சாம்பல் நிற எஸ்.டபிள்யூ.ஆர். (சாயில், வேஸ்ட், ரெயின்வாட்டர்: மலக்கழிவு, கழிவுநீர், மழைநீர்) பிளாஸ்டிக் குழாய்களைப் பொருத்தினோம். மொட்டை மாடியிலிருந்து வெளிச்சுவர் வழியாகத் தரைக்கு இறங்கும் செங்குத்துக் குழாய்களுக்கு ரப்பர் வளையம் கொண்ட ரிங்ஃபிட் வகையையும், குளியலறைக்கும் சமையலறைக்கும் உள்ளே ஓடும் குறுகிய குழாய்களுக்குப் பேஸ்ட் போட்டு ஒட்டும் செல்ஃபிட் வகையையும் வாங்கினோம். இரண்டுமே கத்திரி வெயிலையும் வடகிழக்குப் பருவமழையையும் பார்த்துவிட்டன. எந்த நிறுவனத்தின் குழாய் என்பதைக் காட்டிலும், எந்த வகைக் குழாயை எந்த இடத்தில் எந்த முறையில் இணைக்கிறோம் என்பதே கசிவைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் குழாயின் வகை. கட்டடக் கழிவுநீர்க் குழாய்களுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 13592. இதில் ஏ, பி என இரு வகைகள் உண்டு. ஏ வகை மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும் உரியது. கழிப்பறை, குளியலறை, சமையலறைக் கழிவுக்கு உரியது பி வகை மட்டுமே. கடைகளில் ‘நாலு இன்ச்’ என்று அழைக்கப்படும் 110 மி.மீ. குழாயில், ஏ வகையின் சுவர்த் தடிமன் குறைந்தது 2.2 மி.மீ., பி வகைக்கு 3.2 மி.மீ. இந்த 1 மி.மீ. வேறுபாட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாலே உணர முடியும். வெறுமனே ‘நாலு இன்ச் பைப்’ என்று கேட்டால் விலை குறைந்த ஏ வகை கைக்கு வந்துவிடக்கூடும் என்பதால், பாரிமுனை செம்புதாஸ் தெருவில் வாங்கினாலும் வீட்டருகே உள்ள ஹார்டுவேர் கடையில் வாங்கினாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் வகையும் குழாயின் மேல் அச்சாகியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு நீளத்திலும் படித்துப் பார்ப்பது அவசியம். எல்போ, டீ, டோர் பெண்டு போன்ற இணைப்புத் துண்டுகளுக்குத் தர எண் வேறு: ஐ.எஸ். 14735.

ரிங்ஃபிட் குழாய்க்கு நான் முழு மதிப்பெண் தருவதற்குக் காரணம் சென்னையின் வெயில்தான். இந்தக் குழாய்கள் செய்யப்படும் பிளாஸ்டிக்கான பி.வி.சி. ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், மீட்டருக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும். அதிகாலையில் இருந்ததைவிட மே மாதப் பிற்பகலில் மேற்குச் சுவர்க் குழாய் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது என்று கொண்டால், 3 மீட்டர் நீளம் 6 மி.மீ.க்கு மேல் நீள்கிறது. 12 மீட்டர் உயரத்துக்கு அது ஓர் அங்குலத்தை எட்டுகிறது. எல்லா இணைப்புகளையும் பேஸ்ட் போட்டு ஒரே தண்டாக இறுக்கிவிட்டால், இந்த நீட்சிக்குப் போக இடமில்லாமல் குழாய் வளையும், கிளாம்பைப் பிடுங்கும், அல்லது கிளைக்குழாய் சேரும் டீயில் விரிசல் விடும். ரப்பர் வளையமோ ஒவ்வொரு இணைப்பிலும் குழாயைச் சற்றே நகர விட்டு, நீரையும் நாற்றத்தையும் தடுத்து நிறுத்துகிறது.

அந்தப் பயன் கிடைக்க வேண்டுமானால் பொருத்தும் முறையில் சலுகை காட்டக்கூடாது. வெட்டிய முனையை அரத்தால் சரிவாகத் தேய்த்துப் பிசிறு நீக்க வேண்டும். இல்லையெனில் கூர்மையான விளிம்பு வளையத்தைக் கிழித்துவிடும், அல்லது பள்ளத்திலிருந்து சுருட்டித் தள்ளிவிடும். வழுக்குவதற்குச் சோப்புக் கரைசலோ நிறுவனம் தரும் மசகோ போதும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். குழாயை அடிவரை செருகி, பென்சிலால் கோடு போட்டு, பின்னர் சுமார் 10 மி.மீ. வெளியே இழுத்து நிறுத்த வேண்டும். நீட்சிக்கான இடம் அந்த 10 மி.மீ.தான், அவசரத்தில் பிளம்பர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதையேதான். சாக்கெட், அதாவது அடுத்த குழாய் செருகும் அகன்ற வாய், மேல்நோக்கி இருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு கிளாம்பை இறுக்கமாகவும், குழாயின் நடுவில் உள்ளதைத் தளர்வாகவும் விட வேண்டும்.

எங்களுக்கு ஏற்பட்ட ஒரே குறை, குழாய்கள் ஒரு நிறுவனத்துடையதாகவும் பெண்டுகள் வேறொரு நிறுவனத்துடையதாகவும் வந்து சேர்ந்ததால் நேர்ந்தது. அந்தப் பெண்டுகளின் வளையம் சாக்கெட் பள்ளத்தில் சரியாக அமராமல், முதல் மழையிலேயே ஓர் இணைப்பு சொட்டத் தொடங்கியது. பெண்டையும் வளையத்தையும் குழாயின் நிறுவனத்திலேயே வாங்கி மாற்றியபின் சொட்டு நின்றது. ஆகவே குழாய், துண்டு, வளையம் ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குங்கள்.

பேஸ்ட் இணைப்பு, இடம் குறுகலான உட்புறத்துக்கு நேர்த்தியானது, மலிவானதும்கூட. பேஸ்ட் என்று நாம் அழைக்கும் சால்வென்ட் சிமெண்ட் வெறும் பசை அன்று: அதிலுள்ள கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்க, அவை ஒன்றுக்குள் ஒன்று கலந்து இறுகி ஒரே பிளாஸ்டிக்காகின்றன. அதனால்தான் தூசியும் ஈரமும் படிந்த குழாயில் எவ்வளவு பூசினாலும் பயனில்லை. முதலில் பேஸ்ட் இல்லாமல் செருகிப் பார்த்து, கோணத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு சாக்கெட்டின் உட்புறம் மெல்லியதாகவும் குழாயின் வெளிப்புறம் தாராளமாகவும் பூசி, கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை செருகி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் விடுவதற்கு முன் ஓர் இரவாவது காத்திருப்பது நல்லது. இந்தக் குழாய்களின் கடினமான பி.வி.சி.க்கு, அதாவது யூ.பி.வி.சி.க்கு, உரிய பேஸ்டின் தர எண் ஐ.எஸ். 14182. வெந்நீர்க் குழாயான சி.பி.வி.சி.க்கு உரிய பேஸ்ட் வேறு; ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது. டப்பாவில் கூழாக இறுகிவிட்ட பேஸ்டைத் தின்னர் ஊற்றி இளக்கிப் பயன்படுத்தும் வழக்கத்தை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன்.

சமையலறை சிங்க்கின் அடியில் வேறு கணக்கு. அங்குள்ள வெள்ளை நிற பாட்டில் ட்ராப் (சிறிது நீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் கிண்ணம்) பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனால் ஆனது; அதில் எந்தப் பேஸ்டும் ஒட்டாது, வாஷரும் திருகும்தான் அதன் இணைப்பு. கசிந்தால் வாஷரை மாற்ற வேண்டுமே தவிர, எம்-சீல் அப்புவது வீண். கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியை நேரே ஊற்றும் வழக்கமுள்ள வீடுகளில் மெல்லிய சுருள் வேஸ்ட் பைப் விரைவில் தொய்ந்துவிடும், ஏனெனில் பி.வி.சி. 80 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்குகிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கஞ்சியைத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றுவதே போதுமான பாதுகாப்பு.

குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில் வழவழப்பான பிளாஸ்டிக்கில் சிமெண்ட் கலவை பிடிக்காது. அந்த விளிம்பின் வழியே கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். குழாயின் அந்தப் பகுதியில் மட்டும் பேஸ்ட் பூசி, ஈரம் காயுமுன் உலர்ந்த மணலைத் தூவிவிட்டால் கலவை பற்றிக்கொள்கிறது. எங்கள் பிளம்பர் அண்ணன் இதைக் கேட்காமலேயே செய்தார். அவர் மீது எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

மழைநீர்க் குழாய்களுக்கு ஏ வகையையே வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தினோம். அவை கழிவுநீர்த் தடத்தோடு சேராமல், 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக உள்ள மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் தனியே செல்கின்றன. ஆள் நடமாட்டம் உள்ள தரைமட்டத்தில் மட்டும், உதைபட்டால் உடையாதபடி, கடைசி நீளத்தைப் பி வகையாகப் போட்டிருக்கிறோம்.

உள்வேலை முடிந்ததும், டைல்ஸ் பதிக்கும் முன், குழாயின் கீழ்முனையை அடைத்து மேலே நிறையும்வரை தண்ணீர் நிரப்பி, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இதற்குத் தனிக் கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.