தலையில் முட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு ஃபோம் ஹெல்மெட்: நாலு மாத அனுபவம்

என் பையனுக்கு ஆறு வயது, ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. ஜூன் மாதம் திடீரென்று சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான், நெற்றியில் ஒரு வீக்கம் வற்றுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பயந்துபோய் ஆன்லைனில் 1,800 ரூபாய் கொடுத்து இந்த ஃபோம் ஹெல்மெட்டை வாங்கினோம்.

பொருள் மோசமில்லை. எடை குறைவு, முன்பக்க மெத்தை நல்ல தடிமன், சுவரில் மோதினால் 'தொப்' என்றுதான் சத்தம் வரும். ஆனால் சென்னை வெயிலுக்கு லாயக்கில்லை, கால் மணி நேரத்தில் உள்துணி நனைந்து பிடரியெல்லாம் வியர்க்குரு. தாடைப் பட்டையின் வெல்க்ரோவை இரண்டாவது வாரமே பிய்க்கப் பழகிவிட்டான், அந்த 'சர்ர்' கேட்டாலே அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். காதோரம் மெத்தை கிடையாது.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஹெல்மெட் போட்டதும் முட்டுவதை விட்டுவிட்டு இடது காதோரம் முஷ்டியால் குத்த ஆரம்பித்தான். அப்போது போய்க்கொண்டிருந்த தெரபி சென்டரில் "அட்டென்ஷனுக்காகப் பண்றான், கண்டுக்காதீங்க" என்றார்கள். நாங்களும் கண்டுகொள்ளாமல் இருந்தோம், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் பார்த்த தெரபிஸ்ட் ஒரு நோட்டு போடச் சொன்னார்: அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, எங்கே அடித்தான், உடனே நாம் என்ன செய்தோம். 1982-லேயே பிரையன் இவாட்டா என்ற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளரின் குழு, இப்படித் தங்களையே அடித்துக்கொள்ளும் ஒன்பது பிள்ளைகளை வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்திருக்கிறதாம், எப்போது அதிகம் அடித்துக்கொள்கிறார்கள் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறியதாம். எங்கள் நோட்டில் பத்து நாளில் தெரிந்தது, படுக்க வைத்தால்தான் குத்து அதிகம், அதுவும் அறையில் யாரும் இல்லாதபோதும். யாருமே இல்லாத இடத்தில் யாருடைய அட்டென்ஷன்? காது டாக்டரிடம் ஓடினோம். நடுக்காதில் சீழ். மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் குத்துவது நின்றுவிட்டது.

முட்டுவது மட்டும் கொஞ்சம் மிச்சம், பல் தேய்க்கும் நேரத்தில். அவன் முட்டினால் நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவேன், முட்டினால் பிரஷ் போய்விடும் என்று அவன் கற்றுக்கொண்டான். இப்போது 'போதும்' என்று ஒரு பட அட்டை, அதை நீட்டினாலே நிறுத்திவிடுகிறேன். முதல் மூன்று நாள் அட்டையைத் தூக்கி எறிந்தான், சரி, நேற்று அவனே எடுத்து நீட்டினான்.

ஹெல்மெட்டுக்கு ஐந்தில் மூன்று. காது, பல், வயிறு மூன்றையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். மீடியம் இறுக்குகிறது, ஒரு அளவு பெரிதாகப் பாருங்கள்.