கல்லீரல் கட்டிக்கு உறைய வைக்கும் சிகிச்சை: பனி தெரிகிறது, ஆனால்...

பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டியை உறைய வைத்து அழிப்பதுதான் கிரையோ சிகிச்சை. கருவி அருமையானது. இந்த வேலைக்கு முதல் தேர்வா என்றால், இல்லை.

சி.டி. ஸ்கேனில் பார்த்தபடியே, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசிகளைத் தோல் வழியாகக் கட்டிக்குள் இறக்குகிறார்கள். 3 செ.மீ. கட்டிக்குப் பெரும்பாலும் ஓர் ஊசி போதாது. உயர் அழுத்த ஆர்கான் வாயு ஊசிமுனையில் சட்டென்று விரிவதால் குளிர் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போகிறது. வழக்கமான கணக்கு: 10 நிமிடம் உறைவு, 5 முதல் 8 நிமிடம் இளகல், மறுபடி 10 நிமிடம் உறைவு. செல்கள் இளகும்போதும் உடைகின்றன. அதனால் இரண்டாவது சுற்றை விட்டுவிடக் கூடாது.

இதன் பெரிய பலம், பனி ஸ்கேனில் கறுத்த உருண்டையாகத் தெளிவாகத் தெரிவது. கட்டியைச் சுட்டு அழிக்கும் மைக்ரோவேவ் முறையில் இந்த வசதி இவ்வளவு கிடையாது. வலியும் குறைவு, முழு மயக்கம் இல்லாமலே செய்ய முடியும். ஏமாற்றுவதும் அதே உருண்டைதான். அதன் விளிம்பில் இருப்பது வெறும் 0 டிகிரி. புற்றுச் செல் சாக மைனஸ் 20 முதல் மைனஸ் 40 வரை வேண்டும். ஆகவே 3 செ.மீ. கட்டிக்கு, சுற்றிலும் 1 செ.மீ. கூட்டி, 5 செ.மீ. பனி. பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால் வெதுவெதுப்பான ரத்தம் அந்த ஓரத்தை உறையவிடாது. நோய் மிச்சமாகும் இடம் அது.

சூடு ரத்தக்குழாயைப் பொசுக்கி அடைக்கும்; குளிர் அதைச் செய்யாது. இளகுவதற்கு முன் ஊசியை இழுத்தால் கல்லீரல் விரிசல் விட்டு ரத்தம் கொட்டலாம். பெரிய பரப்பை ஒரே நாளில் உறைய வைத்தால் பிளேட்லெட் சரியும். அரிதாகச் சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும். கிரையோஷாக் என்பது இதுதான்.

சான்று? சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010இல், பலனுக்கான ஆதாரம் போதாது என்று சொல்லி, சிறப்பு ஏற்பாடுகளோடு (நோயாளிக்கு விளக்கி ஒப்புதல் பெறுவது, முடிவுகளைப் பதிவுசெய்வது போன்றவை) மட்டுமே செய்யச் சொன்னது. சூட்டு முறைக்கோ நெதர்லாந்து தலைமையில் நடந்த கொலிஷன் ஆய்வு இருக்கிறது: 3 செ.மீ. வரையிலான கட்டிகளில் அறுவை சிகிச்சைக்கு அது சளைத்ததில்லை.

முழு மயக்கம் தாங்காதவருக்குக் கிரையோவை யோசிக்கலாம். "கட்டியைத் தாண்டி எத்தனை மில்லிமீட்டர் உறைந்தது?" என்று கேளுங்கள். "நல்லா உறைஞ்சிடுச்சு" என்பது பதிலாகாது.