பேட் செக்டர் வந்த ஹார்ட் டிஸ்க்கோடு மூன்று ஆண்டுகள்

2014-இல் வாங்கிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் முதல் பேட் செக்டர், அதாவது படிக்க முடியாமல் போன சிறு சேமிப்புத் துண்டு, தென்பட்டது 2018-இல். புகைப்படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாலே கணினி அரை நிமிடம் அசையாமல் நிற்கும். காதை அருகில் வைத்தால், படிக்க முடியாத இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்வரும் மெல்லிய கறகற ஓசை கேட்கும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் எச்சரிக்கையும், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களை எண்ணும் 197 என்ற எண்ணுள்ள வரிசையில் 8 என்ற எண்ணும் இருந்தன. இக்கால டிஸ்க்குகளில் ஒரு செக்டர் உண்மையில் 4096 பைட். கணினிக்கு அது 512 பைட் கொண்ட எட்டுத் துண்டுகளாகக் காட்டப்படுவதால், ஓரிடம் கெட்டாலும் பல டிஸ்க்குகளில் கணக்கு எட்டு எட்டாகவே ஏறும்.

அப்போது நான் செய்த தவறு, படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றும் முன்பே, விண்டோஸின் டிஸ்க் சோதனை நிரலான செக்டிஸ்க்கைப் பழுதுபார்க்கும்படி ஓடவிட்டது. அது இரவு முழுவதும் ஓடி, படிக்க முடியாத பகுதிகளுக்குப் பதிலாக வெற்றிடத்தை வைத்துவிட்டது. தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படமொன்றில் மேலே அவர் முகமும் மாலையும் தெளிவாக இருக்க, மார்புக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை மட்டுமே இருந்தது. அதற்கு வேறு பிரதி இல்லை. பேட் செக்டர் என்று தெரிந்ததும் முதலில் செய்யவேண்டியது பழுதுநீக்கம் அன்று, நகலெடுப்பதே என்று நான் இன்றும் வற்புறுத்துவது அந்தப் படத்தினால்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் 197-இல் 8 குறையவில்லை. செக்டிஸ்க் அந்த இடத்தைப் பயன்படுத்தாதே என்று குறித்துவைக்கிறதே தவிர, அதன்மீது எதையும் எழுதுவதில்லை. எழுதிப் பார்த்தால்தான் அந்த இடம் தேறுமா, மாற்று செக்டர் வேண்டுமா என்பதை டிஸ்க் முடிவுசெய்யும். எஞ்சிய கோப்புகளை எடுத்துவிட்டு, விரைவு ஃபார்மட்டைத் தவிர்த்து, டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்கும் முழு ஃபார்மட் செய்தேன். 197 பூஜ்யமாயிற்று, மாற்றப்பட்ட செக்டர்களைக் காட்டும் 5-ஆம் வரிசையும் பூஜ்யமாகவே இருந்தது. ஆகவே தட்டின் பரப்பு கெடவில்லை. எழுதும் நடுவில் மின்சாரம் போனதே காரணமாக இருந்திருக்கும். யுபிஎஸ் வாங்கிய பின் மூன்று ஆண்டுகள் தொல்லையில்லை.

2021-இல் வந்தது வேறு வகை. இம்முறை 5-ஆம் வரிசையே 8, 40 என்று ஏறி, ஒரே மாதத்தில் நூறைத் தாண்டியது. நின்றுவிட்ட எண்ணோடு காலம் தள்ளலாம். வாரந்தோறும் வளரும் எண்ணை நம்பக்கூடாது. (கேபிள் வழியே தரவு போகும்போது நேரும் பிழைகளை எண்ணும் 199-ஆம் வரிசை மட்டும் ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.) லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைக் கொண்டு புதிய டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். கெட்ட இடங்களைத் தாண்டி, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு விடுபட்டவற்றுக்குத் திரும்புவது அதன் முறை. எதுவரை முடிந்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவே நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு நாள் ஆயிற்று. இம்முறை ஒரு படமும் போகவில்லை.